கூலி நின்ற பிறகு வந்தவர்கள்

சென்னையில் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், கீழே கறுப்பாக ஒரு நீரோட்டம் தெரியும். பக்கிங்ஹாம் கால்வாய். மூக்கைப் பொத்திக்கொள்கிற அவசரத்தில், அதை வெட்டிய கைகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

இதே கால்வாயைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் ஓங்கோல் பக்கம் போய்ச் சேரலாம். ஆமாம், காளைக்குப் பேர்போன அதே ஓங்கோல். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தில், நெல்லூர் ஜில்லாவில் ஒரு சின்ன ஊர்.

1867 ஜனவரி 1-ம் தேதி அங்கே ஒரு பாப்டிஸ்ட் சபை ஆரம்பமானது. உறுப்பினர்கள் எட்டே பேர். நடத்தியவர் ஜான் கிளஃப் என்ற அமெரிக்கர். மிஷனரியாவதற்கு முன் நிலம் அளக்கும் சர்வேயர்.

மேல்சாதிக்காரர்கள் சிலர் அவரிடம் ஆர்வமாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, பேரய்யா என்ற தோல் வியாபாரி வழியாக மாதிகா மக்கள் வர ஆரம்பித்தார்கள். செருப்புத் தைப்பவர்கள், சேரிக்காரர்கள். இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றது மேல்சாதி. கிளஃப் சேரியோடு நின்றுவிட்டார்.

சேர்ந்தவர்களுக்கு மூன்று விதிகள். ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது. செத்த மாட்டின் கறி தின்னக் கூடாது. விக்ரகங்களைக் கும்பிடக் கூடாது. கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் கூப்பிட்ட நாளில் வேலைக்கு வராத சேரியை ஊர்ப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? தொல்லைகள் ஆரம்பித்தன.

பிறகு 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கிளஃபுக்குப் பழைய சர்வே அனுபவம் கைகொடுத்தது. கால்வாயில் சுமார் மூன்றரை மைல் நீளத்தை வெட்டித் தர கான்ட்ராக்ட் எடுத்தார். பட்டினியில் துவண்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை, கூலி. மேற்பார்வை பார்த்தவர்களில் சபையின் உபதேசியார்களே இருந்தார்கள். சாட்டையும் வசவும் இல்லாத வேலைத்தலம் அவர்களுக்குப் புதுசு.

எங்களுக்கும் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கூட்டம் கூட்டமாகக் கேட்டார்கள். இந்த இடத்தில்தான் கிளஃப் வித்தியாசமானவர். முடியாது என்றார்! சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதாம். பதினைந்து மாதம் ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கிடையாது.

1878-ல் வேலை முடிந்தது. இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லியும் ஜனங்கள் போகவில்லை. ஜூலை 3-ம் தேதி, குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். பாப்டிஸ்ட் முறையில் தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது, முழுசாக முக்கி எடுக்க வேண்டும். ஆறு உபதேசியார்கள், இரண்டிரண்டு பேராக முறைவைத்து ஆற்றில் இறங்கிச் செய்தார்கள். எட்டுப் பேர் சபை, அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று பேசப்பட்டது.

'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று சுலபமாகக் கேலி பேசிவிடலாம். ஆனால் இவர்கள் வந்தது கூலி நின்ற பிறகு. கணக்குப் பார்த்தால் அந்த மக்களுக்கு நஷ்டமே அதிகம். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் உத்தரவுப்படி, கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி கிடையாது. ஆந்திராவில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் 'சி' பிரிவில் ஒரு சதவிகித இடஒதுக்கீடு. மதம் மாறியதும் சலுகைதான் போனது. சேரி அதே இடத்தில்தான் இருந்தது.

ஆற்றில் முங்கி எழுந்த 2,222 பேருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தங்களையும் மனுஷனாக நடத்தினார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதுவே போதும் என்று நினைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.