கட்டம் நிலைக்கும், கோடு அழியும்

சுருட்டி வைத்த வினைல் விரிப்பை மேசைமேல் விரிக்கும்போதெல்லாம் அதன் ஒரு மூலையில் வெளிர்சிவப்பாய் ஒரு கோடு தென்படுகிறது. பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் கோட்டைச் சுவர் அது. அடுத்த வாரம் தொடரலாம் என்றெண்ணி அழிக்காமல் விட்டோம். ஒரு மாதம் கழிந்தது. பிறகு எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. அழித்து அழித்து வரைவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் ஒரு கோட்டை மட்டும் மறக்க மறுப்பதேன்? இக்கேள்வியே இவ்விரிப்பின் முன்வரலாற்றைத் தேடிப் பார்க்க நம்மைத் தூண்டிற்று.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளை அறியாதவர்க்காகச் சில சொற்கள். ஒருவர் நடுவராக அமர்ந்து கதையுலகைச் சொல்லிச் செல்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதைச் சொல்லிப் பகடை உருட்டுவர். சண்டை மூளும்போது யார் எங்கே நிற்கிறார் என்பதில் சச்சரவு எழாதிருக்க, ஓரங்குலக் கட்டங்கள் அச்சிட்ட விரிப்பில் சுவரையும் வாயிலையும் நடுவர் வரைவார். சிறு பொம்மைகள் கட்டம் கட்டமாய் நகரும். ஆட்டம் முடிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டியதுதான்.

போர்க்களத்தைக் கட்டங்களாக வகுக்கும் எண்ணம் சதுரங்கம் தந்தது. நால்வகைப் படையைப் பெயரிலேயே சுமக்கும் அவ்வாட்டம், இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பா சென்றது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்துவந்த யோஹான் ஹெல்விக், 1780இல் அதன்மேல் கட்டியெழுப்பிய ஒரு போர் விளையாட்டை நூலாக வெளியிட்டார். அறுபத்து நான்கு கட்டங்கள் அவர் கையில் 1,617 ஆகப் பெருகின. கட்டத்தின் நிறமே நிலத்தைச் சொல்லிற்று: சிவப்பு மலை, நீலம் நீர். ஆயினும் ஆறு அங்கே வளைந்தோட முடியாது. கட்டத்தின் விளிம்பில் ஒடிந்து ஒடிந்துதான் செல்ல வேண்டும்.

இவ்விறுக்கத்தை உடைத்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும். தந்தை 1812இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியமுக்கு அளித்த மேசையில், நிலக்காட்சி செதுக்கிய ஓடுகளை வேண்டியவாறு மாற்றி அடுக்கலாம். படைகள் கட்டத்துக்குக் கட்டுப்படாமல் நகரலாம். படை அதிகாரியான மகன் 1824இல் வெளியிட்ட விதிகளில் ஓடுகளும் போயின. 1:8000 அளவிலான நிலப்படமே களமாயிற்று. தூரத்தை அளந்து நகர்த்தினர். சேதத்தைப் பகடை கொண்டு கணித்தனர். எல்லாவற்றினும் மேலாக, இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். கண்ணுக்குப் புலப்படும் படைகளை மட்டுமே அவர் படத்தின்மேல் வைப்பார். மறைந்திருப்பவை அவர் மனத்தில் இருக்கும். பிரஷ்யப் படையின் பொதுப் பணியாளர் குழுத் தலைவர் முஃப்லிங் இதை வெகுவாகப் பாராட்டிப் படையினர்க்குப் பரிந்துரைத்தார். ஆனால் மகன் ரைஸ்விட்ஸின் வாழ்வு 1827இல் தற்கொலையில் முடிந்தது. அவர் படைத்த நடுவர் மட்டும் அழியவில்லை.

அந்நடுவரை அமெரிக்கப் படை அதிகாரி சார்லஸ் டோட்டன் 1880இல் தம் போர் விளையாட்டு நூலில் எடுத்தாண்டார். டோட்டனின் நூலைப் படித்த மினசோட்டாக்காரர் டேவிட் வெஸ்லி, 1969இல் ஒரு கற்பனை ஜெர்மானிய ஊரை அமைத்து, ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் ஒரு தனி மனிதராக்கினார். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன், விஸ்கான்சினின் கேரி கைகாக்ஸுடன் இணைந்து 1974இல் வெளியிட்டதே ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. முதற்பதிப்பு 1,000 பிரதிகள். தேவையான பொருள்களின் பட்டியலில் கிராஃப் தாளும் இருந்தது. கட்டம் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டது. 1978இன் விதிநூல் தூரத்தை அங்குலத்தில் கூறியது: உள்ளே ஓரங்குலம் பத்தடி, வெளியே பத்துக் கெஜம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு கட்டம் ஐந்தடி. 2008இன் நான்காம் பதிப்போ அடிக்கணக்கை விடுத்துக் கட்டங்களையே எண்ணியது. 2014இல் கட்டம் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஹெல்விக்குக்கும் ரைஸ்விட்ஸுக்கும் நடந்த வழக்கு இன்னும் தீரவில்லை எனலாம்.

இவ்வழக்கில் விரிப்பு சொல்லும் தீர்ப்பு எளியது: கட்டம் நிலைக்கட்டும், கோடு அழியட்டும். அளவு ஹெல்விக்கிடமிருந்து, காண்பதை மட்டும் காட்டும் நடுவர் ரைஸ்விட்ஸிடமிருந்து. எனவே விரிப்பைத் தேர்வோர் வெற்று விரிப்பையே தேர்வது நலம் என்பது நம் கருத்து. கோட்டையும் காடும் வண்ணமாய் அச்சிட்டவை கண்ணைக் கவர்வன. ஆயின் விரித்த கணமே எல்லா அறைகளையும் அவை காட்டிக் கொடுத்துவிடுகின்றன. வெற்று விரிப்பில் கதவு திறந்த பிறகே அடுத்த அறை பிறக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆட்டக்காரரின் அச்சம் குடியிருக்கிறது.

நிறம் வெளிர்பழுப்பாயிருந்தால் எல்லா மைகளும் எடுப்பாகத் தெரியும். கட்டக் கோடுகள் மங்கலாயிருந்தால் வரைந்த சுவரோடு குழம்பா. பல விரிப்புகளில் ஒருபுறம் சதுரமும் மறுபுறம் அறுகோணமும் உண்டு. சதுரத்தில் மூலைவிட்டமாய்ச் செல்பவர் ஒரு கட்டத்தின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரைக் கட்டம் கடந்துவிடுகிறார். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். ஆகவே காட்டுக்கு அறுகோணம், நேர்ச்சுவர் கொண்ட வீட்டுக்குச் சதுரம். மேசையை முழுதும் மூடும் விரிப்பு வேண்டாம். பகடைக்கும் புத்தகத்துக்கும் தேநீருக்கும் இடம் வேண்டாமா?

இனிப் பேணுதல். வினைலுக்கு உரியது ஈரத்தால் அழியும் பேனா. வகுப்பறைகளில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் இருந்த காலத்தில் கண்ணாடித்தாளில் எழுதிய அதே பேனாதான். நம் மேசையறையில் மிஞ்சிக் கிடந்தவை இதற்குத்தான் பயன்பட்டன. வெண்பலகைக்கான பேனாவும் அழியா மைப் பேனாவும் விரிப்பின் பக்கமே வரலாகாது. வினைல் கல்லைப் போன்றதன்று. அதை இளக்குவதற்கெனச் சேர்க்கப்பட்ட பொருள்களால் மென்மையுற்றிருக்கும் அது, மேலே தங்கிய சாயத்தை நாளடைவில் உள்ளிழுத்துக்கொள்கிறது. சிவப்பு முதலில் இறங்கும். நம் கோட்டைச் சுவரின் கதை இதுவே. ஆகவே ஆடிய இரவே துடைத்துவிட வேண்டும். தொடர வேண்டிய ஆட்டமாயின் ஒரு தாளில் படியெடுத்துக்கொண்டு துடைக்கலாம். கறை படிந்தால், ஓரத்தில் சோதித்துப் பார்த்தபின் சிறிது ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். அழுத்தித் தேய்த்தால் அச்சுக் கோடும் போகும். மடித்தால் மடிப்பு நிலைத்துவிடும். சுருட்டியே வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்தல் கூடாது.

நம் சிவப்புச் சுவரை ஆல்கஹாலும் முழுதாக வெல்லவில்லை. புதிதாய்ச் சேர்ந்த மாணவர் ஒருவர் அண்மையில் அதைச் சுட்டி, இது என்ன சுவர் என்றார். இங்கே முன்பு ஒரு கோட்டை இருந்தது என்றோம். அவர் தம் பொம்மையை எடுத்து அதன் மறைவில் நிறுத்திக்கொண்டார்.