இலங்கையில் பன்னாட்டுத் தேர்தல் கண்காணிப்பு

இலங்கையில் பன்னாட்டுத் தேர்தல் கண்காணிப்பு என்பது இலங்கையில் நடைபெறும் தேர்தல்களை அந்நாட்டுத் தேர்தல் அதிகாரிகளின் அழைப்பின் பேரில் வெளிநாட்டு அமைப்புகள் பார்வையிட்டு மதிப்பிடுவதைக் குறிக்கும். ஐரோப்பிய ஒன்றியம், பொதுநலவாயம் (காமன்வெல்த்) ஆகியவற்றின் குழுக்கள் இதில் முக்கியமானவை. தேர்தலை நிறுத்தவோ முடிவை மாற்றவோ கண்காணிப்பாளர்களுக்கு அதிகாரம் இல்லை. கண்டதைப் பதிவு செய்து பரிந்துரைகள் வழங்குவதே அவர்களது பணியாகும்.

கண்காணிக்கும் முறை

நீண்டகாலக் கண்காணிப்பாளர்கள் வாக்குப்பதிவுக்குச் சில வாரங்கள் முன்னரே மாவட்டங்களுக்குச் சென்று பரப்புரை, ஊடகங்கள், அரச வளங்களின் பயன்பாடு முதலியவற்றைக் கவனிப்பர். குறுகியகாலக் கண்காணிப்பாளர்கள் வாக்குச் சாவடிகளையும் வாக்கெண்ணும் நிலையங்களையும் பார்வையிடுவர். தேர்தல் முடிந்த ஓரிரு நாட்களில் முதற்கட்ட அறிக்கையும், சில வாரங்களுக்குப் பின் பரிந்துரைகளுடன் இறுதி அறிக்கையும் வெளியாகும். நடுநிலைமை, தலையிடாமை ஆகிய நெறிகளை 2005 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையில் வெளியிடப்பட்ட பன்னாட்டுத் தேர்தல் கண்காணிப்புக் கொள்கைப் பிரகடனம் வகுத்துள்ளது.

1987 இல் தோன்றிய பெப்ரல், 1997 இல் தோன்றிய தேர்தல் வன்முறைகளைக் கண்காணிப்பதற்கான நிலையம் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும் இப்பணியில் ஈடுபடுகின்றன.

வடக்கு, கிழக்கு வாக்காளர்கள்

2001, 2004, 2005 தேர்தல்களில் ஐரோப்பிய ஒன்றியக் குழுக்களுக்கு அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் குஷ்னஹான் தலைமை தாங்கினார். 2001 டிசம்பர் 5 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து வாக்களிக்க வரவேண்டிய வழிகளை இராணுவம் மூடியது. வவுனியா, மட்டக்களப்புப் பகுதிகளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தமிழர் வாக்களிக்க இயலவில்லை. இது அடிப்படை உரிமை மீறல் என நாட்டின் உச்ச நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது.

2005 நவம்பர் 17 அன்று நடந்த சனாதிபதித் தேர்தலில் தடை மறுபக்கத்திலிருந்து வந்தது. புலிகள் திணித்த புறக்கணிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7,01,938 வாக்காளர்களில் 8,524 பேர் (1.21%) மட்டுமே வாக்களித்தனர். மகிந்த ராசபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்ற வாக்கு வேறுபாடு 1,80,786 ஆகும். வடக்கு, கிழக்கு மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டதைக் கண்காணிப்பாளர்கள் கண்டித்தனர், மறுவாக்குப்பதிவு நடைபெறவில்லை.

போர் முடிந்த பின், 2013 செப்டம்பர் 21 அன்று வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. கென்யாவின் முன்னாள் துணைத் தலைவர் கலோன்சோ முசியோகா தலைமையில் பொதுநலவாயக் குழுவும், இந்தியாவின் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் என். கோபாலசாமி தலைமையில் தெற்காசியக் குழுவும் பார்வையிட்டன. இராணுவத்தின் தலையீடு பற்றி இரு குழுக்களும் கவலை தெரிவித்தன. ஆயினும் சுமார் 67% வாக்காளர்கள் வாக்களித்தனர். 38 இடங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது.

சட்ட மாற்றங்கள்

சுதந்திரமான தேர்தல் ஆணைக்குழுவை 2001 இல் அரசியலமைப்பின் 17 ஆம் திருத்தம் விதித்தபோதும் அது அமைக்கப்படவில்லை. 2015 இல் 19 ஆம் திருத்தத்தின் பின்னரே மகிந்த தேசப்பிரிய தலைமையில் மூவர் ஆணைக்குழு அமைந்தது.

பரப்புரைச் செலவுக்கு வரம்பு வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியக் குழுக்களும் உள்நாட்டு அமைப்புகளும் வலியுறுத்திய மற்றொரு சீர்திருத்தமாகும். இதற்கான தேர்தல் செலவுகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2023 இல் நிறைவேறியது. 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த சனாதிபதித் தேர்தலே இச்சட்டத்தின் கீழ் நடந்த முதலாவது சனாதிபதித் தேர்தலாகும். அதையும் ஐரோப்பிய ஒன்றியக் குழு கண்காணித்தது.

வரம்புகள்

பரிந்துரைகள் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தா. அவற்றை நிறைவேற்றுவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. மேலும், நடைபெறும் தேர்தலையே கண்காணிக்க இயலும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2024 முடியும் வரை அச்சபைக்கு அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

இலங்கைத் தேர்தல் ஆணைக்குழு
இலங்கை மாகாண சபைகள்
இந்தியத் தேர்தல் ஆணையம்