மூன்று அங்குல நிலா

அப்பல்லோ 11 என்றாலே பூட்ஸ் தடமும் கொடியும்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தவை அதே பயணத்தில் எடுத்த 17 ஸ்டீரியோ ஜோடிப் படங்கள். ஒவ்வொன்றிலும் இருப்பது சுமார் மூன்று அங்குலச் சதுர நிலா மண். அவ்வளவுதான்.

கேட்டு வாங்கியவர் கார்னெல் பல்கலைக்கழக வானியலாளர் தாமஸ் கோல்ட். நிலாச் சமவெளிகளில் தூசி ஆழமாகத் தேங்கியிருக்கிறது என்று 1955இலேயே எழுதியவர். 1966இல் சர்வேயர் 1 புதையாமல் இறங்கியது. ஆனாலும் அவர் கேள்வி நியாயமானது. மண்ணை அள்ளிப் பெட்டியில் போட்டால் பூமிக்கு வருவது வெறும் பொடி. எந்தத் துகள் எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்ற தகவல் அள்ளும்போதே கலைந்துவிடும். அது இருந்த இடத்திலேயே முப்பரிமாணத்தில் படம் எடுக்கணும்.

குளோசப் ஸ்டீரியோ பிடிவாதமான வேலை. போனில் போர்ட்ரெய்ட் மோடு போட்டால் பின்னணி மங்குவது அழகு. ஸ்டீரியோவில் அதே மங்கல் தலைவலி. கண் அதற்குள்ளும் நுழைந்து தேடும், பிடிக்க ஒன்றும் இருக்காது. அதனால் மேட்டு உச்சியும் பள்ளத்து அடியும் சேர்ந்தே கூர்மையாக விழணும். அதற்கு லென்ஸ் துளையைச் சுருக்கணும், சுருக்கினால் வெளிச்சம் பத்தாது. கிட்டப் போகப் போக கணக்கு இன்னும் இறுகும். இதில் படம் எடுப்பவரோ விண்வெளி உடையில், தடித்த கையுறையோடு. குனிவதே சிரமம்.

கோடாக் நிறுவனம் ஃபோகஸ் செய்கிற வேலையையே எடுத்துவிட்டது. கைத்தடி போல நீண்ட பிடி, அடியில் ஒரு கூடு. கூடு தரையில் உட்கார்ந்தால் தூரம் சரி. வெயிலையும் அதுவே மறைத்துவிடும், உள்ளே இருக்கும் ஃப்ளாஷ்தான் வெளிச்சம். குறி பார்க்க வேண்டாம், விசையை அழுத்தினால் போதும். பயனருக்கு செட்டிங்ஸ் பக்கமே தராத டிசைன்! மென்பொருள் எழுதுகிற எனக்கு இதன்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஆர்ம்ஸ்ட்ராங் எடுத்த படங்களில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. சிறு பள்ளங்களுக்குள் கிடந்த மண்கட்டிகளின் மேல்முனைகளில் கண்ணாடி போன்ற பளபளப்பு. சூரியன் நிலவியல் கணக்கில் சமீப காலத்தில் சட்டென வீறிட்டு எரிந்து உருக்கியிருக்கலாம் என்று கோல்ட் 1969இல் எழுதினார். விண்கல் மோதலில் உருகித் தெறித்த துளிகள்தான் அவை என்றார்கள் மற்றவர்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் பளபளப்பு எங்கே ஒட்டியிருந்தது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

அப்பல்லோ 12, 14 பயணங்களிலும் இதே வகைக் கருவி போனது. ஆர்ம்ஸ்ட்ராங் பிடித்தது அமைதிக் கடலிலேயே கிடக்கிறது. ஃபிலிமை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள்.