பட்டியலில் இல்லாத ராட்டினம்

2020 நவம்பர் முதல் வாரம். ஆம்பூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரசு அறிவிப்பு ஒன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். போனது வேறு வேலையாக. இணைய வகுப்புக்கு வராமல் நின்றுபோன மாணவி ஒருத்தியைத் தேடிப் போயிருந்தேன். அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்துவிட்டாளாம். இரவு ஏழரைக்குத்தான் கம்பெனி பஸ் வரும் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் அவளுடைய பெரியம்மா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்த அறிவிப்பு. “இத்தக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மேடம்.”

நவம்பர் 10 முதல் திரையரங்குகளை ஐம்பது சதவீத இருக்கைகளோடு திறக்கலாம். உயிரியல் பூங்கா, பொழுதுபோக்குப் பூங்கா, அருங்காட்சியகம் திறக்கலாம். படித்து முடித்ததும் அவர் கேட்டார்: “இதுல எங்குது எங்க கீது?”

அவரும் அவர் கணவரும் திருவிழாக்களில் ராட்டினம் போடுகிறவர்கள். ஒரு குடை ராட்டினம், குழந்தைகளுக்கான ஒரு ரயில், நான்கு தொட்டில் கொண்ட சின்ன ராட்டினம் ஒன்று. ஜெயன்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ் எல்லாம் பெரிய முதலாளிகளுடையவை. பொழுதுபோக்குப் பூங்கா என்று போட்டிருக்கிறதே அக்கா என்றேன். அவர் சிரித்தார். “பூங்கான்னா காம்பவுண்டு இருக்கும், கேட்டு இருக்கும். நாங்க லாரில போறவங்க மேடம்.”

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இரும்பைக் காட்டினார். மார்ச் மாதம் இறக்கி வைத்தது. மழையில் துருப்பிடித்துக் குதிரைகளின் முகத்தில் சாயம் உரிந்திருந்தது. மோட்டாருக்கு வாங்கிய குழுக் கடன் அவர் பெயரில்தான் இருந்தது. ராட்டினம் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் கடன்காரர் வாரா வாரம் கதவைத் தட்டுவார். தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி கொடுத்த அவகாசம் ஆகஸ்ட் 31உடன் முடிந்துபோயிருந்தது. தொழிலாளர் நல வாரிய அட்டை எதுவும் அவரிடம் இல்லை. கணவர் லாரியில் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அக்கா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்துக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். பேசும்போதும் ஊசி நிற்கவில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. ஊரடங்குத் தளர்வுகளின் பட்டியலை வரலாற்று ஆவணமாக வாசித்தால் என்ன தெரியும்? எது முதலில் திறந்தது, எது கடைசியில், எதற்குப் பெயரே இல்லை?

2020 மார்ச் 17ஆம் தேதி திரையரங்கு, வணிக வளாகம், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், பொழுதுபோக்குப் பூங்கா எல்லாவற்றையும் மூடினார்கள். மூடும்போது எல்லாம் ஒன்றாக மூடின. திறக்கும்போது வரிசை வந்துவிட்டது. மே மாதத்தில் ஏற்றுமதித் தொழில்கள் குறைந்த ஆட்களோடு இயங்க அனுமதி வந்தது. அதாவது எங்கள் பக்கத்துப் பெண்களின் உழைப்பு முதலிலேயே திறக்கப்பட்டுவிட்டது. மே 7ஆம் தேதி, சென்னை நீங்கலாக, டாஸ்மாக் கடைகள் திறந்தன. வயதுக்கு ஒரு நேரம்: ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை பத்து முதல் ஒரு மணி வரை, நாற்பதிலிருந்து ஐம்பது வரை உள்ளவர்களுக்கு மதியம் மூன்று வரை, இளையவர்களுக்கு ஐந்து வரை. ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு கரிசனமாக அரசு நேரம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. முதல் நாள் விற்பனை சுமார் 170 கோடி ரூபாய். மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. 16ஆம் தேதி கடைகள் மறுபடி திறந்தன. பல ஊர்களில் பெண்கள் கடை வாசலில் நின்று சண்டை போட்டார்கள். ஆகஸ்ட் 10இல் உடற்பயிற்சிக் கூடம், செப்டம்பர் 1இல் பூங்காவும் விளையாட்டுத் திடலும், நவம்பர் 10இல் சினிமா. திருவிழாத் திடலின் ராட்டினத்துக்குத் தேதி இல்லை.

டாஸ்மாக்கைத் திறக்க அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, பக்கத்து மாநிலங்களில் கடை திறந்துவிட்டதால் மக்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்பது. எல்லை எங்களுக்குப் பக்கம்தான். சில நாட்களுக்கு முன்புதான் ஆந்திரா போகும் சாலையில் சைனகுண்டாவில் குறுக்கே சுவர் எழுப்பிப் பிறகு இடித்திருந்தார்கள். தொற்றுக்குச் சுவர், மதுவுக்கு வாசல் என்று அப்போது ஒரு கவிதை எழுதினேன். நல்ல கவிதை இல்லை, கிழித்துவிட்டேன்.

இந்த வரிசையின் வேரைத் தேடிப் போனால் 1939இல் போய் நிற்கிறோம். 1937இல் ராஜாஜி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவை, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு சித்தூரும் கடப்பையும். 1939 அக்டோபரில் வட ஆர்க்காடு. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று இன்று தோல் தொழிலின் வரைபடத்தில் இருக்கும் ஊர்கள் எல்லாம் அன்று வட ஆர்க்காடுதான். கள்ளு, சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு வழி? அதே 1939இல் பொது விற்பனை வரி வந்தது. கேளிக்கை வரிச் சட்டமும் வந்தது. குடியால் வந்த பணத்தில் ஒரு பங்கை சினிமாவும் நாடகமும் சர்க்கஸும் பார்க்க வருகிறவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கள்ளுக்கடை மூடப்பட்ட வீடுகளில் பெண்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். அந்த நிம்மதியின் விலையில் கொஞ்சம் டிக்கெட் காசில் சேர்ந்தது.

அதே ஆண்டில் இன்னொரு சட்டமும் வந்தது. சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், 1939. அதில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனிப் பகுதி உண்டு. காலரா காலத்திலிருந்து கூட்டம் என்றாலே அரசுக்கு நோய்தான். 2020 மார்ச்சில் கொரோனாவை அறிவிக்கைக்குரிய நோயாக்கியதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். ஆக, எளிய மக்களின் கேளிக்கையை அரசு ஒரு கண்ணால் வரியாகவும் இன்னொரு கண்ணால் தொற்றாகவும் பார்த்திருக்கிறது. ஓய்வாகப் பார்க்க மூன்றாவது கண் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுத்தது உண்மை. அந்த நாள் எங்கள் பெண்களுக்குத் துணி துவைக்கிற நாள்.

பிறகு வந்த ஏற்ற இறக்கங்கள் தெரிந்தவைதான். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971இல் தளர்வு, 1983இல் டாஸ்மாக் நிறுவனம், 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கையில். 1939இல் மதுவை மூடிக் கேளிக்கையிடம் வரி கேட்டார்கள். 2020இல் கேளிக்கை மூடிக் கிடந்தது, மது திறந்திருந்தது.

பெண்களின் பொழுதைப் பற்றி ஆவணங்கள் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். எண்பதுகளில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் இருந்தது. பெண்கள் பக்கம் தனி, நடுவில் இடுப்பளவு மண் சுவர். அம்மா முதல் ஆட்டத்துக்குப் போவதென்றால் மதியமே சோறு வடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, அப்பாவுக்குத் தட்டு எடுத்து வைத்து, அதன் பிறகு கேட்க வேண்டும். மணலைக் குவித்து மேடாக்கி என்னை உட்காரவைப்பார். படத்தில் பாதியை அம்மா தூங்கிக் கழிப்பார். ஏனம்மா காசு கொடுத்துத் தூங்குகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். “இங்கதாண்டி யாரும் எழுப்ப மாட்டாங்க” என்றார். அது புரிய எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே 2021 ஜனவரியில் தவறினேன். ஜனவரி 4ஆம் தேதி திரையரங்குகளில் நூறு சதவீத இருக்கைகளுக்கு மாநில அரசு அனுமதி கொடுத்தது. பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ வரவிருந்தது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், மத்திய உள்துறை ஆட்சேபித்தது, சில நாட்களில் மறுபடி ஐம்பது சதவீதமானது. மருத்துவர்கள் சொன்னது சரி, இன்றும் அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நான் முகநூலில் எழுதியது வேறு. ஒரு நடிகனுக்காக உயிரை விடத் துடிக்கும் கூட்டம் என்று நான்கு வரி. நிறைய விருப்பக்குறி விழுந்தது. இரவு அந்த மாணவி தனியாகச் செய்தி அனுப்பினாள். அவள் அம்மாவும் அதே கம்பெனிதான். லைனில் கூட வேலை செய்கிற பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து படத்துக்குப் போகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். “எங்கம்மா கல்யாணத்துக்கு அப்புறம் தியேட்டர் போறது இது நாலாவது தடவ மேடம். அந்தக் கூட்டத்துல எங்கம்மாவும் இருக்காங்க.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள். பதிவை நீக்கினேன். நீக்கியதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கம்பெனியில் ஒன்பது மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கலாம், பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்து வரலாம். அந்தக் கூட்டத்தை நான் கிண்டல் செய்யவில்லை. கூட்டமாக இருந்து அவர்கள் சிரிக்கப்போகும் மூன்று மணி நேரம்தான் என் கண்ணை உறுத்தியது.

ராட்டின அக்காவுக்கு 2021 மாசி, பங்குனியில் இரண்டு மூன்று ஊர்களில் இடம் கிடைத்தது. வட்டிக்கு வாங்கிச் சாயம் அடித்து, பேரிங் மாற்றி, லாரி பிடித்தார்கள். ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்குத் தடை. தப்பும் தவிலும் கரகமுமாக நாட்டுப்புறக் கலைஞர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுவோடு போனார்கள். கரகாட்டக்காரருக்காவது தலையில் தூக்கிக் காட்டக் கரகம் இருக்கிறது, ராட்டினத்தை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று அக்கா கேட்டார். ஏப்ரல் 26ஆம் தேதி திரையரங்குகளும் மூடின. மே 10 முதல் முழு ஊரடங்கு. அந்த மே மாதம் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் சாவு விழுந்தது. ஒரு வீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. ஆகவே தடை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அக்காவும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். “மூடுறப்ப எங்களையும் சேத்துத்தான மூடுறாங்க. தொறக்குறப்ப மட்டும் ஏன் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குறோம்?”

எங்கள் பக்கத்தில் ராட்டினத் தொழிலுக்குப் பெரிய நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் நாள், கௌண்டன்யா ஆற்றங்கரை. அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும். ரேணுகையின் கதை: தண்ணீர் மொள்ளப் போனவள் நீரில் தெரிந்த ஒரு கந்தர்வனின் நிழலைக் கணநேரம் பார்த்துவிட்டாள், கணவன் சொல்ல மகனே தலையை வெட்டினான். வேலைக்கு நடுவே ஒரு கணம் வேடிக்கை பார்த்ததற்குத் தலை போயிற்று. அந்தத் தலையைக் கும்பிடுகிற நாளில்தான் எங்கள் பெண்கள் வருடத்துக்கு ஒரு முறை கணக்குச் சொல்லாமல் வேடிக்கை பார்க்கிறார்கள். வளையல் கடை, பொரி கடை, ராட்டினம். சாமிக்கு வந்தோம் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. 2020, 2021 இரண்டு வைகாசியும் ஊரடங்குக்குள் போயின. சினிமா 2021 ஆகஸ்ட் 23இல் மறுபடி திறந்தது. சாமிக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பும் வழி அந்த இரண்டு வருடங்களும் அடைபட்டே இருந்தது.

2022 வைகாசியில் நான் குடியாத்தம் போனேன். முந்தைய ஆண்டு மே மாதம் வந்த கட்டணமில்லா டவுன் பஸ் பயணம் கூட்டத்தின் சாயலை மாற்றியிருந்தது. புருஷன் கையில் காசு வாங்காமல் கிளம்பி வந்த பெண்கள், இரண்டிரண்டு பேராக, ஐந்தைந்து பேராக. அக்கா ராட்டினத்துக்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பழைய இருபது ரூபாய் முப்பதாகியிருந்தது. தரை வாடகை கூடிவிட்டது, லாரி வாடகை கூடிவிட்டது, இரண்டு வருட வட்டி வேறு. குடை ராட்டினம் மட்டும் வரவில்லை. பாதி விலைக்கு விற்றுவிட்டாராம்.

மாணவியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை, லைனில் சூப்பர்வைசர் ஆகிவிடுவேன் மேடம் என்றாள். அம்மா தொட்டிலில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மேலே போகும்போது கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். பிறகு கண்ணைத் திறந்துகொண்டும் கத்தினார்.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை சுற்று என்று அக்காவைக் கேட்டேன். “முன்ன எல்லாம் பத்து சுத்து மேடம். இப்ப கூட்டம் நிக்குதுன்னா எட்டுல நிறுத்திடுவோம்” என்றார். வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. செருப்போடு நான் நின்று எண்ணினேன். அந்த ஆட்டத்துக்குப் பதினொன்று விட்டார்.