கட்சியின் கதவும் வாக்குரிமையும்



1924 ஜூலை மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள எல் பாசோ நகரில், லாரன்ஸ் நிக்சன் என்ற கறுப்பின மருத்துவர் தேர்தல் வரி செலுத்திய ரசீதுடன் வாக்குச்சாவடிக்குச் சென்றார். அவருக்கு வாக்குச்சீட்டு மறுக்கப்பட்டது.

இனத்தின் காரணமாக வாக்குரிமையை மறுக்கலாகாது என்று அந்நாட்டு அரசியல் சாசனம் 1870-லேயே கூறிவிட்டது. பின்னர் எவ்வாறு மறுத்தனர்? அன்று நடந்தது பொதுத்தேர்தல் அன்று. ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தல். அக்கால டெக்சாஸில் அக்கட்சியின் வேட்பாளர் வெல்வது ஏறத்தாழ உறுதி. ஆதலின் நவம்பர் மாதத்துப் பொதுத்தேர்தல் வெறும் சடங்காகவே இருந்தது. அதில் மட்டும் வாக்களிப்பதால் என்ன பயன்?

கறுப்பினத்தவர் உட்தேர்தலில் பங்கேற்கலாகாது என்று 1923-இல் மாநிலமே சட்டம் இயற்றியிருந்தது. நிக்சன் தொடுத்த வழக்கில், 1927-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. உடனே மாநிலம், எவரைச் சேர்ப்பது என்பதைக் கட்சியின் நிர்வாகக் குழுவே முடிவு செய்யலாம் என்று சட்டத்தை மாற்றியது. நிக்சன் மீண்டும் வழக்காடி 1932-இல் வென்றார். பிறகு கட்சியின் மாநில மாநாடே கூடி, வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி எனத் தீர்மானித்தது. கட்சி ஒரு தனியார் அமைப்பு, அதன் வாசலில் யாரை அனுமதிப்பது என்பது அதன் விருப்பம் என்பது வாதம். 1935-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை ஏற்றுக்கொண்டதுதான் வேதனை.

தன் உறுப்பினர் யார் என்று முடிவு செய்யும் உரிமை ஓர் அமைப்புக்கு உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்சியாளரையே தேர்ந்தெடுக்கும் இடம் தனியார் வீட்டு முற்றமாகிவிடுமா?

ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கில், 1944 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே மாற்றியது. எட்டு நீதிபதிகள் ஒருபுறம், ஒருவர் மட்டும் மறுபுறம். அவ்வழக்கில் வாதாடியவர்களுள் ஒருவரான தர்குட் மார்ஷல், பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். அவ்வாண்டு ஜூலையில் நிக்சன் உட்தேர்தலில் வாக்களித்தார். இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

எனினும் டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் ‘ஜேபேர்ட்’ என்றொரு வெள்ளையர் சங்கம் 1889 முதல் இருந்துவந்தது. கட்சியின் உட்தேர்தலுக்கு முன்பே அது தனக்குள் ஒரு தேர்தல் நடத்தும். அதில் வென்றவரே பெரும்பாலும் போட்டியின்றி இறுதிவரை வருவார். தாங்கள் கட்சிகூட இல்லை, வெறும் சங்கம் என்றனர் அவர்கள். அந்தக் கதவையும் திறக்க 1953-இல் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது.