தகடூரிலிருந்து காஞ்சிக்குப் போன பெண்

எங்கள் ஊர்ப் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி என்றால் ஒரு பாரதியார், ஒரு கட்டபொம்மன், ஒரு ஔவையார் கட்டாயம் உண்டு. நாமக்கல்லில் நான் ஐந்தாவது படித்த ஆண்டு ஔவையார் வேடம் எனக்கு வந்தது. தலையில் பஞ்சு, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கம்பு. "முதுகை இன்னும் கொஞ்சம் வளைச்சுக்கோ கண்ணு" என்றார் டீச்சர். வளைத்துக்கொண்டேன். பரிசும் கிடைத்தது. பத்து வயதுப் பிள்ளையின் முதுகை ஏன் வளைக்க வேண்டியிருந்தது என்ற கேள்வி, புறநானூற்றை முழுதாகப் படித்த பிறகுதான் எனக்குள் எழுந்தது.

இன்று இரண்டு ஊர்களை 'இணைநகரம்' என்று அறிவிக்கிறார்கள். மேயர்கள் கையொப்பமிடுவார்கள், பொன்னாடை மாறும், சில சமயம் கவிஞர்களும் போய்வருவார்கள். இந்த வழக்கம் வேரூன்றிய கதையில் பெண்களின் கை உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துப் பெண்கள் 830 பேர், தம் பெயர்களை ஒரு மேசைவிரிப்பில் நூலால் தைத்து, தலைக்கு ஆறு பென்ஸ் பணமும் சேர்த்து ஸ்டாலின்கிராட் பெண்களுக்கு அனுப்பினார்கள். 1944இல் அவ்விரு ஊர்களும் இணைநகரங்களாயின. அதே ஸ்டாலின்கிராட்தான் இன்றைய வோல்கோகிராட். நம் சென்னைக்கும் அது இணைநகரம்.

அதற்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், சேலம் சமவெளிக்கு வடக்கே, தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் வரும் தகடூரிலிருந்து ஒரு பெண் காஞ்சிக்குத் தூது போனார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். அனுப்பியவன் அதியமான் நெடுமான் அஞ்சி. எதிரே இருந்தவன் தொண்டைமான். அந்தப் பெண் ஔவை. ஓர் ஊர் இன்னோர் ஊரிடம் கவிதையில் பேசியதற்கு நம் மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தச் சந்திப்பைப் பற்றியது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவை பார்க்கிறார். இங்குள்ள ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவல் உள்ள பெரிய மனையில் இருக்கின்றன; எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். பிறகு தன் அரசனைப் பற்றிச் சொல்கிறார்: இருந்தால் பிறருக்குக் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதை எல்லோரோடும் சேர்ந்து உண்பான். புகழ்வதுபோல் பழிப்பதற்கு இதை எடுத்துக்காட்டாக வகுப்பில் சொல்லித்தருவார்கள். அணியின் பெயரைச் சொல்லி முடிப்பதோடு பாடம் முடிந்துவிடும். பகைவனின் ஆயுதங்களுக்கு நடுவே நின்று, அவனிடமே, அவன் கோபம் கொள்ள இடம் கொடுக்காமல், போரின் விலையைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு அரசியல் தெரிந்திருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை தேவை. தூது பற்றிய செய்தி பாட்டுக்குள் இல்லை. பாட்டின் கீழே பிற்காலத்தில் தொகுத்தவர்கள் எழுதிய குறிப்பில்தான் இருக்கிறது. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோது அந்தக் குறிப்புகளும் சேர்ந்தே நமக்கு வந்தன. எனினும் தொகுத்தவர்களுக்கு ஒரு பெண்ணைத் தூதாக நினைக்க முடிந்தது, அதை எழுதிவைக்கத் தயக்கம் இல்லை என்பதே நமக்கு முக்கியம்.

89ஆம் பாட்டில் பகையரசன் ஒருவன் ஒரு விறலியிடம், உங்கள் நாட்டில் போரிடுபவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். அவளை அவன் அழைக்கும் விதம் கவனிக்க வேண்டியது: அணிகள் பூண்டவள், மை தீட்டிய கண்ணுடையவள், ஒளிரும் நெற்றியுடையவள். அந்த விறலி ஔவையேதானா, அவர் படைத்த பாத்திரமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆனால் அங்கே கிழவி இல்லை, கம்பு இல்லை. இருப்பது பதில் மட்டும்: பொதுமன்றில் தொங்கும் முழவின் மேல் காற்று பட்டு ஒலித்தாலே, போர் வந்ததோ என்று எழுந்துவிடும் தலைவன் எங்களுக்கு உண்டு.

ஊர்களுக்கிடையே பாட்டு போய்வந்தது ஔவையோடு முடியவில்லை. அதியமான் கோவலூரை வென்றதைப் பரணரும் பாடினார் என்று ஔவையே 99ஆம் பாட்டில் குறிப்பிடுகிறார். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையின் பக்கம் நின்று அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தைப் பாடினார். அந்தப் போரைச் சொன்ன 'தகடூர் யாத்திரை' என்ற நூல் தொலைந்து, சில பாடல்களே எஞ்சின. பொன்முடியார் என்ற பெண் கவிஞரின் பெயரும் அந்த நூலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. வென்ற ஊருக்கும் தோற்ற ஊருக்கும் இருந்தவர்கள் கவிஞர்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

தூது போரை நிறுத்தவில்லை. காஞ்சியிலிருந்து வராத அழிவு சேரனிடமிருந்து வந்தது. அதியமான் இறந்த பிறகு ஔவை பாடிய 235ஆம் பாட்டில், கள் கொஞ்சம் இருந்தால் எங்களுக்கே தருவான், நிறைய இருந்தால் நாங்கள் பாடத் தானும் உடன் குடிப்பான் என்கிறார். நறுமணம் கமழும் கையால் புலால் நாறும் தன் தலையை அவன் தடவியதையும் சொல்கிறார். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் கலத்தையும் புலவர்களின் நாவையும் சேர்த்துத் துளைத்தது என்கிறார். நான் படித்த பாடத்தில் அவன் கொடுத்த நெல்லிக்கனி இருந்தது. அவர்கள் சேர்ந்து குடித்த கள் இல்லை.

சங்கத் தொகைகளில் ஔவையின் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் மட்டும் 33. முப்பதுக்கும் மேற்பட்ட சங்கப் பெண் கவிஞர்களில் மிக அதிகம் பாடியவர் இவர். பல நூற்றாண்டுகள் கழித்து ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய வேறோர் ஔவையோடு இவர் ஒன்றாக்கப்பட்டார். திருமணத்திலிருந்து தப்ப, பிள்ளையாரிடம் வேண்டி இளமையிலேயே முதுமையைப் பெற்றவர் என்ற கதையும் சேர்ந்தது. 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில், காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளின் குரலும் உருவமும் அந்தக் கிழவியை வீடுதோறும் நிலைநிறுத்தின. 1968இல் மெரினாவில் சிலையானவரும் கிழவியே.

அந்தக் கதையைச் சொன்னவர்களைக் கேலி செய்ய நான் விரும்பவில்லை. அதில் ஓர் உண்மை இருக்கிறது. இளம்பெண் தனியாக ஊர்விட்டு ஊர் போகவும் அரசர்களோடு சமமாகப் பேசவும் முடியாத ஒரு காலம் வந்துவிட்டது. ஆனால் அப்படிப் போன ஒருத்தியின் பாடல்கள் கையில் இருக்கின்றன. இரண்டையும் பொருத்த, அவருடைய வயதை மாற்றினார்கள். முதுமை அவருக்குக் கொடுக்கப்பட்ட வழிச்சீட்டு. சமூகம் மாற வேண்டிய இடத்தில் பெண்ணின் உடல் மாறியது.

அரசர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்கிறது. அசோகனின் கல்வெட்டுகள் குறிப்பிடும் சத்தியபுத்திரர் மரபோடு அவனை இணைக்கிறது. திருக்கோவிலூர்தான் பழைய கோவலூர். ஔவை பாட்டில் சொன்னதற்குப் பக்கத்துணையாகக் கல் வந்தபோது வரலாறு நிம்மதியடைந்தது. நாமக்கல் மலையைக் குடைந்த அரங்கநாதர் கோயில் கல்வெட்டிலும் அதியர் குலத்தின் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். அரசவையில் நின்று பேசிய எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு எஞ்சியது 'அவ்வை' என்ற பொதுச்சொல். எங்கள் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளில் இன்றும் பாட்டியை 'அவ்வா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சேலத்தில் மாலை நேரக் கவியரங்கம் ஒன்றுக்கு அழைப்பு வந்தால், என்ன வாசிப்பது என்பதற்கு முன் நான் யோசிப்பது நாமக்கல்லுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான். போனதும் முதலில் வரும் கேள்வி, "யாரோட வந்தீங்க?" ஆண் கவிஞர்களிடம் எவரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஊர்களுக்கிடையே கவிதை போய்வர வேண்டுமானால், அதைச் சுமந்து போகிறவளும் தன் வயதோடு, தன் உடலோடு போய்வர வேண்டும்.

போன ஆண்டு என் அக்கா மகளுக்கு ஔவையார் வேடம் வந்தது. பஞ்சு வாங்கவில்லை. கண்ணுக்கு மை தீட்டி, கழுத்தில் மணி போட்டு, கையில் ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்து அனுப்பினோம். "ஔவையார் மாதிரியே இல்லையே" என்று சொல்லிவிட்டார்களாம். பரிசு கிடைக்கவில்லை. அவள் நேராக நின்று பேசிவிட்டு வந்தாள்.