கிணத்துக்குக் காவல் யாரு?

நம்ம திருவெள்ளறைக்கு வர்றவங்க பெருமாளைச் சேவிச்சுட்டு, நாலுமூலைக் கேணியையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவாங்க. ஸ்வஸ்திக வடிவம், நாலு பக்கமும் படி. ஒரு படியில இறங்குற ஆளுக்கு அடுத்த படியில இருக்குற ஆள் தெரியாது. அதனால மாமியார் மருமகள் கிணறுன்னும் பேர் உண்டு. போட்டோ எடுக்குறவங்க நிறைய. அங்க இருக்குற கல்வெட்டோட கடைசி வரியைக் கவனிக்கிறவங்கதான் கம்மி.

தந்திவர்ம பல்லவனோட 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் இந்தக் கிணறு முடிஞ்சது. கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். கட்டியவர் ஆலம்பாக்கத்து விசயநல்லுழானோட தம்பி கம்பன் அரையன். கிணத்துக்கு வச்ச பேரு மார்ப்பிடுகு பெருங்கிணறு. இதெல்லாம் சொல்லி முடிச்ச பிறகு, இதைக் காக்கப் போறவங்க யாருன்னும் கல்லுல எழுதியிருக்கு: இவ்வூர் மூவாயிரத்து எழுநூற்றுவர்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெட்டியது ஒருத்தர். காக்கிற பொறுப்பு 3,700 பேருக்கு. கொடுத்தவர் பேரோட நிறுத்தாம, காவல் யாருன்னும் எழுதி வச்சாங்க. தண்ணி இருக்குற இடத்துல ஆபத்தும் இருக்குன்னு தெரிஞ்சவங்க.

இந்த 3,700-க்கு நம்ம ஊர்ல ஒரு கதை உண்டு. சிபிச் சக்கரவர்த்தி 3,700 வைணவர்களை இங்க குடியேத்த அழைச்சுட்டு வந்தாராம். வழியில ஒருத்தர் இறந்துட, கணக்கு குறையக்கூடாதுன்னு பெருமாளே ஒரு ஆளா வந்து நின்னாராம். புராணம்தான். ஆனா பொறுப்புன்னா தலைக்கணக்கு சரியா இருக்கணும், ஒரு ஆள் குறைஞ்சா இன்னொரு ஆள் நிக்கணும்ங்கிறது அதுக்குள்ள இருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். அந்த 3,700 பேர் ஊர்ல இடம் உள்ளவங்க. மண்ணு சுமந்த, கல்லு தூக்கின சனங்களோட கணக்கு எந்தக் கல்லுலயும் இல்ல.

ஊர்க்காவலும் இப்படித்தான் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள்ல பாடிகாவல்னு ஒரு வரி வரும். களத்துல கிடக்குற நெல்லு, பட்டியில நிக்கிற மாடு, ராத்திரி தெரு எல்லாத்துக்கும் காவல் போட ஊரே கொடுத்த கூலி அது. பின்னாடி காவல் உரிமை சில கைகள்ல சேர்ந்து, காசு கொடுக்காத ஊர்ல களவு நடக்கும்ங்கிற நிலைமையும் வந்தது. ஊர்க்காவலைக் கண்ணை மூடிக்கிட்டுப் புகழ முடியாதுங்க.

வெள்ளைக்காரன் 1816-ல் ஒரு சட்டம் போட்டு, மணியக்காரரை ஊர்ப் போலீசுத் தலைவராக்கி, தலையாரியை அவருக்குக் கீழே வச்சான். 1858-ல் இன்னொரு சட்டம். ஏரிக்கரையோ ஆத்துக்கரையோ உடையப் போகுதுன்னா, உழைக்கிற ஆண்களை அதிகாரி கூப்பிடலாம், கட்டாயம் வரணும், கூலி உண்டு. வழக்கமா மண்ணு போட வேண்டிய குடிமராமத்துக்கு வராதவங்க தண்டம் கட்டணும். தானா வந்து கரையில நின்ன வழக்கம் சட்டத்துல ஏறிடுச்சு. அன்னைக்கே அது தளரத் தொடங்கியாச்சுன்னு எனக்குப் படுது. 1980-ல் பரம்பரைக் கிராமப் பதவிகளும் போச்சு. அது போனது நியாயம்தான். ஆனா கரைக்கு யாரு, கிணத்துக்கு யாருங்கிற கேள்விக்கு ஊர்ல பதில் இல்லாம போச்சு.

இதோட விலை என்னன்னு 2019-ல் நம்ம மாவட்டமே பாத்தது. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில, அக்டோபர் 25-ஆம் தேதி, இரண்டு வயசுக் குழந்தை கைவிட்ட ஆழ்துளைக் கிணத்துல விழுந்தது. தீயணைப்பு வீரர்கள், தேசிய பேரிடர் மீட்புப் படை, பெரிய ரிக் வண்டி எல்லாம் வந்தும் அடியில பாறை. குழந்தை 80 அடிக்கும் கீழே போயிடுச்சு. 29-ஆம் தேதி விடியக்காலையில உயிரில்லாமத்தான் எடுத்தாங்க. அந்த நாலு நாளும் தமிழ்நாட்டுல டிவி முன்னாடி உக்காந்து அழாத வீடு கம்மி.

சட்டம் இல்லாமலா? உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதி சொல்லியிருந்தது. போர் போடும்போது வேலி, பெயர்ப் பலகை. வேலை முடிஞ்சா இரும்பு மூடி. கைவிட்டா அடியிலிருந்து தரைமட்டம் வரைக்கும் களிமண்ணு, மணல், கல்லு போட்டு நிரப்பணும். தமிழ்நாடு அரசும் 2015-ல் தனி விதி கொண்டு வந்தது.

நடப்பு என்னன்னு விவசாயிகளான நமக்குத் தெரியும். போர்ல தண்ணி வரலைன்னா மோட்டாரைத் தூக்கி, பைப்பை உருவி அடுத்த போருக்குக் கொண்டு போவோம். பழைய குழி மேல ஒரு சாக்கு, அதுக்கு மேல ஒரு கல்லு. நாலு மழையில சாக்கு மக்கிடும், கல்லு சரிஞ்சிடும். சோளம் வளந்தா குழி இருக்குற இடமே தெரியாது.

பெருங்கிணத்துக்குக் காவல் பேர் கல்லுல இருக்கு. நம்ம போர்க்குழிக்கு ஒரு காகிதத்துலயாவது இருக்கா? தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 முதல் ஆப்த மித்ரான்னு உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்குது. நல்ல விஷயம். ஆனா குழியை மூட அந்தப் பயிற்சி தேவையில்லைங்க. தெருவுக்கு ரெண்டு இளவட்டம், ஒரு நோட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை போதும். எந்தக் காட்டுல எத்தனை தூர்ந்த போர், சுவர் இல்லாத கிணறு எது, யாரோடதுன்னு எழுதி, கிராம சபையில வாசிச்சிடலாம். குழி நம்மோடதுன்னா முதல் வண்டி மண்ணு நாமதான் கொட்டணும்.

3,700 பேர் வேண்டாம். பத்துப் பேர் வாங்க.